வால்டேர் பெயரில் ஒரு போர்க்கப்பல்: பிரெஞ்சுக் கடற்படையின் பெயர் அரசியல்

வாசகர் கேள்வி, 4 ஆகஸ்ட் 2023

முதல் உலகப் போர்க் காலத்துப் பிரெஞ்சுக் கடற்படைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வால்டேர், திதெரோ, கோந்தோர்சே என்று எழுத்தாளர்களின் பெயரில் பதினெட்டாயிரம் டன் போர்க்கப்பல்கள் இருக்கின்றன. அதே பட்டியலில் ஷார்லமாஞ், சேன் லூயி என்று அரசர்களும் இருக்கிறார்கள். அரசனின் தலையை வெட்டிய நாடு அரசன் பெயரைக் கப்பலுக்கு வைத்தது ஏன்? கடலுக்கே சம்பந்தமில்லாத தத்துவவாதிக்கு எதற்குப் பீரங்கி? பெயர் வைப்பதில் இவர்களுக்கு ஒழுங்கே இல்லை என்பது என் முடிவு.

5 ஆகஸ்ட் 2023

ஒழுங்கு இருக்கிறது. அது கடற்படையின் ஒழுங்கு அல்ல, பாரிஸ் அரசியலின் ஒழுங்கு. ஒரு கப்பலுக்கு ஏரா (கப்பலின் அடித்தண்டு) பதித்த ஆண்டையும், அந்த ஆண்டில் பாரிஸில் எதைப் பற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்தது என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெயர் எங்கிருந்து வந்தது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதலில் அரசர்கள். ஷார்லமாஞ், சேன் லூயி, கோல்வா ஆகிய மூன்றும் ஒரே வரைபடத்தின்படி 1890களின் நடுவில் கட்டத் தொடங்கப்பட்ட கப்பல்கள். முதலாமவர் 800ஆம் ஆண்டில் ரோமில் முடிசூடிய பேரரசர். இரண்டாமவர் சிலுவைப் போருக்குச் சென்று துனிஸ் அருகே இறந்து, 1297இல் புனிதராக அறிவிக்கப்பட்ட ஒன்பதாம் லூயி. மூன்றாவது பெயர் தனி மனிதருடையது அன்று. ரோமானியருக்கு முந்தைய கோல் இனத்தவரைக் குறிப்பது. 1892இல் போப் பதின்மூன்றாம் லியோ, குடியரசை ஏற்றுக்கொள்ளுமாறு பிரெஞ்சுக் கத்தோலிக்கர்களுக்கு ஒரு சுற்றுமடல் எழுதினார். முடியாட்சி ஆதரவாளர்களும் குடியரசினரும் கொஞ்ச காலம் கைகுலுக்கிப் பார்த்த பருவம் அது. அந்தப் பருவத்தில், எங்கள் வரலாறு 1789இல் தொடங்கவில்லை, கோல் இனத்தவர் காலத்திலிருந்து எல்லாமே எங்களுடையதுதான் என்று ஒரு குடியரசு சொல்ல விரும்பினால், இந்த மூன்று பெயர்களைவிடப் பொருத்தமானவை கிடைக்கமாட்டா. அதற்குச் சற்று முன்பு, 1891இல் நீரில் இறங்கிய கப்பலுக்கு ரோமைக் கொள்ளையிட்ட கோல் தலைவன் பிரென்னுஸின் பெயரும், 1893இல் இறங்கியதற்கு 732இல் அரபுப் படையைத் தடுத்த ஷார்ல் மார்த்தெலின் பெயரும் வைக்கப்பட்டிருந்தன.

பிறகு, துரோகி என்று தவறாகத் தண்டிக்கப்பட்ட யூத இராணுவ அதிகாரி ட்ரைஃபஸின் விவகாரம் வெடித்தது, கைகுலுக்கல் முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரா பதித்த ஆறு கப்பல்களின் பெயர்களைப் பாருங்கள்: ரெபுப்ளிக், பாத்ரி, லிபர்தே, ஜுஸ்தீஸ், வெரிதே, தெமோக்ராசி. அதாவது குடியரசு, தாய்நாடு, விடுதலை, நீதி, உண்மை, மக்களாட்சி. உண்மையும் நீதியும் ட்ரைஃபஸ் பக்கம் நின்றவர்கள் தெருத்தெருவாக முழங்கிய இரண்டு சொற்கள். 1905இல் அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து கட்டத் தொடங்கப்பட்டவைதாம் நீங்கள் வியக்கும் ஆறு கப்பல்கள்: தாந்தோன், மிராபோ, வெர்ஞியோ, கோந்தோர்சே, திதெரோ, வால்டேர். புனித லூயியிலிருந்து, மடாலயங்களைக் கிண்டலடித்த வால்டேருக்கு வர அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் போதுமாக இருந்தன.

5 ஆகஸ்ட் 2023, இரவு

வால்டேருக்குக் கடலோடு சம்பந்தமில்லை என்ற வரி உறுத்திக்கொண்டே இருந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்த லாலி தொலாந்தால் பிரபுவைப் பாரிஸில் துரோகி என்று விசாரித்து 1766இல் தலையை வெட்டினார்கள். அவர் முரடர், திறமையற்றவர், ஆனால் துரோகி அல்லர் என்று வாதாடி, அந்தத் தீர்ப்பை நீக்கக் கோரிப் பல ஆண்டுகள் எழுதியவர் வால்டேர். 1778இல் அவர் சாகக் கிடந்தபோதுதான் தீர்ப்பு ரத்தான செய்தி வந்தது. புதுச்சேரியின் வீழ்ச்சியைப் பற்றி இவ்வளவு தூரம் கவலைப்பட்ட ஒரு பிரெஞ்சுத் தளபதியைக்கூட என்னால் காட்ட முடியாது.

7 ஆகஸ்ட் 2023

தாந்தோன் வகைக் கப்பல்களைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அந்த வகையில் ஒன்றை மாதிரிக் கப்பலாகக் கட்டியவன் என்ற முறையில் எனக்கு அவற்றின்மீது தனிப்பட்ட கோபம் உண்டு. ஐந்து புகைபோக்கிகள், பன்னிரண்டு 240 மில்லிமீட்டர் பீரங்கிகள், அவற்றுக்கு மேல் நான்கு 305 மில்லிமீட்டர் பீரங்கிகள் என்று ஒட்டி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். புகைபோக்கி ஒன்று நூலளவு சாய்ந்தாலும் மற்ற நான்கும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு உழைப்பும் பிறக்கும்போதே பழையதாகிப்போன ஒரு வடிவமைப்புக்கு என்பது கூடுதல் எரிச்சல். ஒரே அளவுப் பெரும் பீரங்கிகளை மட்டும் ஏந்திய ஆங்கிலேயரின் டிரெட்நாட் 1906இல் வந்துவிட்டது. இவர்கள் இரண்டு அளவுப் பீரங்கிகளோடு 1911இல்தான் கடலுக்கு வந்தார்கள்.

பெயர்களுக்கு வருகிறேன். இந்த ஆறு பேரை ஒரு படைப்பிரிவில் வரிசையாக நிறுத்தியதில் இருக்கும் வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். வெர்ஞியோ, புரட்சிக்காரர்களில் மிதவாதிகளான ஜிரோந்தின் கட்சியின் மாபெரும் பேச்சாளர். 1793 அக்டோபர் 31 அன்று கில்லட்டினில் உயிர்விட்டார். எதிர்க்கட்சியான மலைக்கட்சியின் தலைவர்களுள் ஒருவர் தாந்தோன். அவரும் 1794 ஏப்ரல் 5 அன்று அதே கருவிக்குப் பலியானார். ஒளிந்து வாழ்ந்த கோந்தோர்சே பிடிபட்டுச் சிறையில் இறந்தார். மிராபோவைப் பெரும் மரியாதையோடு, நாட்டின் பெரியோர்களுக்கான நினைவகமான பாந்தியோனில் அடக்கம் செய்தார்கள். அரசனோடு அவர் நடத்திய இரகசியத் தொடர்பு வெளிவந்த பிறகு எலும்புகளை வெளியே எடுத்துவிட்டார்கள். வால்டேரும் திதெரோவும் இந்தக் கூத்தைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தவர்கள். ஒருவரையொருவர் கொல்லக் காரணமானவர்களை நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே வரிசையில் நங்கூரமிடச் செய்வதுதான் மூன்றாம் குடியரசின் (1870 முதல் 1940 வரையான ஆட்சியின்) புரட்சி வரலாறு.

விடுபட்ட பெயர்கள் இன்னும் சுவையானவை. ரொபெஸ்பியேர் இல்லை; அது எதிர்பார்த்ததே. நெப்போலியனும் இல்லை. அவருடைய வெற்றியின் பெயரில் இயேனா என்ற கப்பல் இருந்தது. அவருடைய தளபதியின் பெயரில் மசேனா இருந்தது. மாரெங்கோ என்ற கவசக் கப்பலும் இருந்தது. அவர் பெயரில் மட்டும் மூன்றாம் குடியரசு ஒரு பெரும் போர்க்கப்பலும் கட்டவில்லை. வெற்றிகளை வைத்துக்கொள்வோம், வென்றவரை வேண்டாம் என்ற கணக்கு.

8 ஆகஸ்ட் 2023

நெப்போலியன் பெயரில் 1850இல் ஒரு கப்பல் நீரில் இறங்கியது என்று சுட்டிக்காட்டிய நண்பருக்கு: சரிதான், அதனால்தான் மூன்றாம் குடியரசு என்று எழுதினேன். உந்துசுழலியோடு நீராவிக்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் பெரும் போர்க்கப்பல் அது. துப்யூய் த லோம் என்ற பொறியாளரின் படைப்பு. 1848இல் ஏரா பதித்தபோது அரசர் லூயி பிலிப்பின் மகன் ஜுவான்வில் இளவரசரின் பெயர் வைத்தார்கள். அதே மாதத்தில் அரசர் ஓடிப்போனார். உடனே அரசர் முடிதுறந்த நாளான "பிப்ரவரி 24" கப்பலின் பெயராயிற்று. பிறகு லூயி நெப்போலியன் குடியரசுத் தலைவராக வந்ததும் அது நெப்போலியன் ஆகிவிட்டது. கப்பல் கட்டும் வேகத்தைவிட ஆட்சி மாறும் வேகம் அதிகமாக இருந்தது.

இதற்கும் மூத்த கதை ஒன்று உண்டு. 1790இல் பிரெஸ்டில் நீரில் இறங்கிய 118 பீரங்கிக் கப்பலுக்கு, செலவுக்குப் பணம் கொடுத்த பர்கண்டி மாநில அவையின் பெயர் வைத்தார்கள். மாநில அவைகள் ஒழிந்தன. பெயர் கோத் தோர் என்று மாறியது. மலைக்கட்சி ஆட்சியைப் பிடித்தது. மோந்தாஞ், அதாவது மலை, என்று மாறியது. மலைக்கட்சி வீழ்ந்தது; 1795 மே மாதத்தில் பேப்ல், அதாவது மக்கள், என்று மாற்றினார்கள். மக்கள் அந்தக் கப்பலில் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அதே மாதக் கடைசியில் ஒசெயான், அதாவது பெருங்கடல், என்று வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரோடு 1855 வரை, பேரரசு, முடியாட்சி, குடியரசு, மீண்டும் பேரரசு என்று எல்லா ஆட்சிகளையும் அது கடந்து வந்தது. கடலை எந்தக் கட்சியும் எதிர்க்கவில்லை போலும்.

11 ஆகஸ்ட் 2023

"எல்லாமே பாரிஸ் அரசியல்" என்று தொடங்கினேன். கடற்படைத் தளபதி சுஃப்ரேனை நினைத்த பிறகு அதைக் கொஞ்சம் குறுக்கிச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

சுஃப்ரேன் தெருவில் விளையாடி வளர்ந்த புதுச்சேரிக்காரன் நான். பள்ளியில் அவர் யார் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. புதுச்சேரியை ஆண்ட ஆளுநர் துப்ளேக்ஸைப் பற்றித்தான் சொன்னார்கள். புரோவான்ஸில் 1729இல் பிறந்து, மால்டா மதவீரர் குழுவில் பாயி பட்டம் பெற்ற, உடல் பெருத்த, அழுக்குச் சட்டைக்குப் பேர்போன இந்த மனிதர், 1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை நம் கரைக்கு எதிரே ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸோடு ஐந்து முறை மோதினார். சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரையில் பிரொவிதியேன் என்ற பாறைத்தீவு, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்பவை அந்த ஐந்து இடங்கள். புதுச்சேரி அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்ததால் அவருக்குச் சொந்தத் துறைமுகம் கிடையாது. உடைந்த பாய்மரத்தை மாற்றக்கூட அடுத்த கப்பலின் மரத்தைத்தான் பிடுங்க வேண்டும். நாகப்பட்டினச் சண்டை முடிந்த அதே ஜூலையில் கடலூரில் ஹைதர் அலியைச் சந்தித்தார். அடுத்த மாதம் திருகோணமலையைப் பிடித்தார். ஐந்து சண்டைகளிலும் இரு தரப்பும் ஒரு பெருங்கப்பலைக்கூட இழக்கவில்லை. கடைசியாகக் கடலூருக்கு எதிரே மோதியபோது ஐரோப்பாவில் முன்சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. செய்திதான் வந்து சேரவில்லை.

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குப் போய் நின்றிருக்கிறேன். வாசலில் பீரங்கிகள், உள்ளே செங்கல் சுவர்கள், டச்சுக்காரர்களின் செதுக்கிய கல்லறைகள், பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம். கடல் பக்கம் திரும்பி, பன்னிரண்டு பிரெஞ்சுக் கப்பல்கள் இங்கேதான் வரிசை கட்டின என்று உடன் வந்த மாமாவிடம் சொன்னேன். அவர், "தம்பி, மீன் வறுவல் எங்க கிடைக்கும்னு கேளு" என்றார்.

நான் சொல்ல வந்தது இதுதான். அரசனும் குடியரசும் பேரரசரும் மாறி மாறி வந்தபோதும் சுஃப்ரேன் என்ற பெயர் கடற்படையிலிருந்து நெடுநாள் விலகி இருந்ததில்லை. பாய்மரக் கப்பல், கவசக் கப்பல், 1899இல் நீரில் இறங்கிய பெரும் போர்க்கப்பல், 1927இன் குரூசர், 1960களின் ஏவுகணைக் கப்பல், இன்றைய அணுசக்தி நீர்மூழ்கி என்று அது தொடர்கிறது. அமைச்சர்கள் வைத்த பெயர்கள் அமைச்சர்களோடு போய்விடுகின்றன. மாலுமிகள் தமக்குள் வைத்துக் காப்பாற்றும் பெயர்கள் வேறு கணக்கில் நடக்கின்றன. சுஃப்ரேன், டன்கெர்க் துறைமுகத்துக் கொள்ளைக் கப்பல் தலைவன் ழான் பார், தூர்வில், துக்கேன், துகே த்ரூவேன் ஆகியோர் இந்த இரண்டாம் வகை.

14 ஆகஸ்ட் 2023

கூர்பே என்ற கப்பல் ஓவியர் குஸ்தாவ் கூர்பேயின் பெயரில் வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அந்த ஓவியர் பாரிஸ் கம்யூனில் பங்கெடுத்து, நெப்போலியனின் நினைவுச் சின்னமான வாந்தோம் தூணை வீழ்த்திய குற்றத்துக்காகச் சிறை சென்றவர்; அவர் பெயரை எந்தக் கடற்படை அமைச்சரும் கனவிலும் வைத்திருக்கமாட்டார். இவர் அட்மிரல் அமெதே கூர்பே. 1884 ஆகஸ்டில் ஃபூச்சௌ துறைமுகத்தில் சீனக் கடற்படைப் பிரிவு ஒன்றை அழித்து, 1885 ஜூனில் பெஸ்கதோர் தீவுகளில் தன் கொடிக்கப்பலிலேயே நோயால் இறந்தவர். செய்தி வந்ததும் ஃபுத்ருவாயான் என்ற பெயரில் ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்த கவசக் கப்பலுக்கு அவர் பெயரை மாற்றினார்கள். 1911இல் நீரில் இறங்கிய கூர்பே அதன் வாரிசு.

இந்த இரண்டாம் கூர்பேக்கும் மசேனாவுக்கும் ஒரே முடிவு வாய்த்தது. முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்பொலியில் படைகளை இறக்க ஏற்ற வசதியாக, வெற்றுடம்பாகிப்போன மசேனாவை 1915 நவம்பரில் செத்துல்பகிர் கரையில் அலைதடுப்பாக மூழ்கடித்தார்கள். நெப்போலியன் "வெற்றியின் செல்லப்பிள்ளை" என்று அழைத்த தளபதியின் பெயர் அது. நார்மண்டி படையிறக்கத்தின்போது 1944 ஜூன் 9 அன்று கூர்பேயையும் அதே வேலைக்கு ஸ்வார்ட் கடற்கரை முன்னே மூழ்கடித்தார்கள். ஆழம் குறைவு என்பதால் மேல்தளமும் கொடியும் நீருக்கு மேலேயே நின்றன. ஜெர்மானியர் அதை உயிருள்ள கப்பல் என்றே எண்ணி மேலும் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

15 ஆகஸ்ட் 2023

பிரான்சின் தென்கரைக் கடற்படைத் துறைமுகமான தூலோனில் நடந்த வெடிவிபத்துகளைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்காததால் நானே எழுதுகிறேன்.

1875 அக்டோபர் 31: மஜெந்தா. மூன்றாம் நெப்போலியனின் 1859ஆம் ஆண்டு இத்தாலிய வெற்றியின் பெயரைத் தாங்கிய, இரண்டு பீரங்கித் தளங்கள் கொண்ட கவசக் கப்பல். தீப்பிடித்து வெடித்தபோது அதன் வயிற்றில் கார்த்தேஜில் தோண்டியெடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பூனிக் கல்வெட்டுப் பலகைகளும் பேரரசி சபீனாவின் சிலையும் இருந்தன. பலகைகளில் எஞ்சியிருந்த சில 1990களில்தான் மேலே வந்தன. ரோமானியர் அழித்த நகரின் கற்கள் ரோமானியர் தயவில்லாமலேயே இரண்டாம் முறை மூழ்கின.

1907 மார்ச் 12: இயேனா. உலர்துறையில் பழுதுபார்க்க நின்றிருந்தபோது வெடிமருந்துக் கிடங்கு வெடிக்கத் தொடங்கியது. காரணம் "பவுடர் பி" என்ற புகையில்லா வெடிமருந்து. நைட்ரோசெல்லுலோஸால் ஆனது, பழையதாக ஆகத் தானே சிதைந்து சூடேறிப் பற்றிக்கொள்ளும் குணமுடையது. உலர்துறையில் நீர் இல்லை. கிடங்குகளுக்குள் நீரைத் திறந்துவிட வழியே இல்லை. அருகில் நின்ற பாத்ரி, உலர்துறையின் கதவை உடைத்து நீரை உள்ளே விடுவதற்காக அதை நோக்கிச் சுட்டது. குண்டு கதவில் பட்டுத் தெறித்துப் போய்விட்டது. கடைசியில் ரூ என்ற இளம் அதிகாரி ஓடிச்சென்று மதகைத் திறந்தார். திறந்துகொண்டிருக்கும்போதே வெடிச் சிதறல்கள் அவரைக் கொன்றன. ஏறக்குறைய 120 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற சுஃப்ரேன் கவிழாமல் தப்பியது. பின்னர் கட்டிய ஒரு டார்ப்பிடோ நாசகாரிக்கு அந்த இளைஞரின் பெயரை வைத்தார்கள். நான் படித்த பெயர்களில், இதைவிட நேர்மையாகச் சம்பாதித்த பெயர் எனக்கு நினைவில்லை.

1911 செப்டம்பர் 25: லிபர்தே. அதே மருந்து, அதே துறைமுகம். இறந்தவர்கள் முந்நூறு பேரளவில் இருந்தார்கள். பிய்த்தெறியப்பட்ட கவசத் தகடு ஒன்று பக்கத்தில் நின்ற ரெபுப்ளிக்கின்மேல் போய் விழுந்தது. விடுதலை வெடித்துக் குடியரசு காயம்பட்டது என்று அரசியல் பத்திரிகைக்காரர்களுக்கு வேலை வைக்காத செய்தி. உருக்குலைந்த இரும்புக் குவியல் 1925 வரை துறைமுகத்தின் நடுவிலேயே கிடந்தது.

16 ஆகஸ்ட் 2023

பெயர்ப் பொருத்தத்தைப் பற்றிக் கேலி செய்கிறேன் என்று ஒருவர் வருந்துகிறார். கேலிக்கு இடமில்லாத இடங்களும் உண்டு. 1915 மார்ச் 18 அன்று தார்தனெல்ஸ் நீரிணைக்குள் கெப்ராத் என்ற தளபதியின்கீழ் நுழைந்த பிரெஞ்சுக் கப்பல்கள் சுஃப்ரேன், பூவே, ஷார்லமாஞ், கோல்வா. திரும்பும்போது பூவே துருக்கியரின் கண்ணிவெடியில் மோதி, இரண்டே நிமிடங்களில் கவிழ்ந்து மறைந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் அதோடு போனார்கள். அந்தக் கண்ணிகளை நுஸ்ரத் என்ற சின்னஞ்சிறு கப்பல் சில நாட்களுக்கு முன்புதான் யாரும் எதிர்பாராத திசையில், கரைக்கு இணையாகப் போட்டிருந்தது. முன்பகுதி கிழிந்த கோல்வா அருகிலிருந்த தீவில் தரைதட்டித் தப்பியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் நீர்மூழ்கி ஒன்று அதன் கணக்கை முடித்தது. சுஃப்ரேன் அதற்கு ஒரு மாதம் முன்பு, 1916 நவம்பர் 26 அன்று, லிஸ்பனுக்கு அப்பால் டார்ப்பிடோ பட்டு வெடித்தது. இருந்த 648 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. தாந்தோன் 1917 மார்ச் 19 அன்று சார்தீனியாவுக்குத் தென்மேற்கே மூழ்கி 296 பேரைக் கொண்டுபோயிற்று. கடலடி எரிவாயுக் குழாய்க்காகத் தரையை அளந்தவர்கள் பல ஆண்டுகள் கழித்து ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டார்கள்.

19 ஆகஸ்ட் 2023

மாநிலப் பெயர்களைப் பற்றி. பிரித்தாஞ், புரோவான்ஸ், லொரேன் ஆகிய மூன்றும் 1912இல் கட்டத் தொடங்கப்பட்டவை. தாந்தோனும் வால்டேரும் கிளப்பிய சண்டை ஓய்ந்து, ஜெர்மனியைப் பற்றிய அச்சம் மேலோங்கிய காலம் அது. யாரும் மறுக்க முடியாத பெயர்களாக மாநிலங்களைத் தேர்ந்தார்கள். ஆனால் லொரேன் சாதாரணப் பெயர் அன்று. 1871 முதல் அந்த மாநிலத்தின் ஒரு பகுதி ஜெர்மனியின் கையில் இருந்தது. 1913இல் அந்தப் பெயரோடு ஒரு போர்க்கப்பலை நீரில் இறக்குவது பெர்லினுக்குக் கடிதம் எழுதுவதற்குச் சமம்.

இந்தப் பெயர்களுக்கு ஒரு மூதாதையும் உண்டு. ஏழாண்டுப் போரில் கடற்படை சின்னாபின்னமான பிறகு, அமைச்சர் ஷுவாசல் 1761–62இல் மாநிலங்களிடமும் நகரங்களிடமும் வணிகச் சங்கங்களிடமும் கப்பல்களைக் கொடையாகக் கேட்டார். பிரித்தாஞ், புரோவான்ஸ், லாங்கெதோக், வில் த பாரி என்று கொடுத்தவர்களின் பெயரே கப்பல்களின் பெயராயிற்று. மார்செய் வணிகர்கள் கொடுத்த கப்பலைப் புரட்சிக்காரர்கள் "மக்களின் பழிவாங்கி" என்று பெயர் மாற்றினார்கள். 1794 ஜூன் 1 அன்று அது ஆங்கிலேயரோடு பொருதி மூழ்கியபோது மாலுமிகள் குடியரசு வாழ்க என்று முழங்கியபடியே நீருக்குள் போனார்கள் என்று பாரிஸில் கதை கட்டினார்கள். கப்பலின் தலைவரோ ஓர் ஆங்கிலக் கப்பலில் பத்திரமாக உட்கார்ந்திருந்தார். ஆர்த்துவா மாநிலத்தின் கொடையான அர்தேசியேன், சதுரங்கப்பட்டினத்தில் சுஃப்ரேனின் வரிசையில் நின்ற கப்பல்களில் ஒன்று.

பிரித்தாஞ் 1940 ஜூலை 3 அன்று அல்ஜீரியாவின் மெர்ஸ் எல் கெபீர் துறைமுகத்தில் நேற்றுவரை கூட்டாளியாக இருந்த ஆங்கிலேயர் சுட்டதால் கவிழ்ந்தது. அன்று இறந்த 1,297 பிரெஞ்சு மாலுமிகளில் பெரும்பாலோர் அதில் இருந்தவர்கள். அவர்களில் பலர் பிரித்தாஞ் மாநிலத்து மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள். லொரேன் பிழைத்தது; 1944இல் பிரான்சின் தென்கரையில் ஜெர்மானிய நிலைகளைச் சுட்டது.

ஃபிரான்ஸ் என்றே பெயர் கொண்ட கப்பல் என்னவாயிற்று என்று கேட்டவருக்கு: 1919 ஏப்ரலில் செவஸ்தபோலில் அதன் மாலுமிகள், ழான் பார் மாலுமிகளோடு சேர்ந்து, ரஷ்யப் புரட்சியை நசுக்கப் போகமாட்டோம் என்று செங்கொடி ஏற்றிக் கலகம் செய்தார்கள். 1922 ஆகஸ்டில் கிபெரோன் விரிகுடாவில் வரைபடத்தில் இல்லாத பாறையில் மோதி மூழ்கியது. 1759இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக் கடற்படையை நொறுக்கிய அதே விரிகுடா.

23 ஆகஸ்ட் 2023

திருகோணமலையைச் சேர்ந்த ஒருவர், தம் தாத்தா போர்க்காலத்தில் துறைமுகத்தில் ஒரு பிரெஞ்சுப் பெருங்கப்பலைப் பார்த்ததாகச் சொல்வாராம், அது உண்மையா என்று கேட்டிருக்கிறார். உண்மை, அது ரிஷ்லியே. 35,000 டன், முன்பக்கம் இரண்டு கோபுரங்களில் நான்கு நான்காக எட்டு 380 மில்லிமீட்டர் பீரங்கிகள். பிரெஞ்சுக் கடற்படையை உருவாக்கிய கார்டினலின் பெயர். 1940இல் மேற்கு ஆப்பிரிக்காவின் தக்காரில் ஆங்கிலேயரோடு சுட்டுக்கொண்ட அந்தக் கப்பல், 1943இல் நியூயார்க்கில் பழுதுபார்க்கப்பட்டு, 1944 ஏப்ரலில் ஆங்கிலேயரின் கிழக்குக் கடற்படையில் சேரத் திருகோணமலைக்கு வந்தது. அதே மாதம் சுமத்ராவின் சபாங் தாக்குதலுக்குச் சென்றது. சுஃப்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து பறித்த துறைமுகத்தில், 162 ஆண்டுகள் கழித்து ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஆங்கிலக் கொடிகளுக்கு நடுவே நங்கூரமிட்டிருந்தது.

அதன் தங்கைக் கப்பல் ழான் பார் 1940 ஜூனில் கட்டி முடிக்கப்படாத நிலையிலேயே சேன் நசேரிலிருந்து ஜெர்மானியர் வருவதற்குள் கசபிளாங்காவுக்குத் தப்பியது. 1942 நவம்பரில் பொருத்தப்பட்டிருந்த ஒரே கோபுரத்தோடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் என்ற போர்க்கப்பலோடு மோதியது. பிரெஞ்சுக்காரர்களின் கடைசிப் பெரும் போர்க்கப்பலும் அதுவே. 1956 சூயஸ் போரில் நான்கே குண்டுகள் சுட்டுவிட்டு, 1970இல் உடைக்கப்பட்டது. இதற்குப் பெயர் தேவைப்பட்டதால் 1930களில் பழைய ழான் பாரின் பெயரை மாற்றினார்கள். என்ன பெயர் என்று ஊகிக்கலாம்: ஒசெயான்.

பாரிஸ் அரசியல் இன்னும் ஓயவில்லை. 1986இல் மித்தரான் புதிய அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலுக்கு ரிஷ்லியே என்று பெயர் வைத்தார். 1987இல் அவருடைய பிரதமரும் அரசியல் எதிரியுமான ஷிராக் அதை ஷார்ல் த கோல் என்று மாற்றினார். இன்றும் அந்தப் பெயரில்தான் அது மிதக்கிறது.

24 ஆகஸ்ட் 2023

கடைசியாக வந்த கேள்வி: துப்ளேக்ஸ் பெயரில் பெரும் போர்க்கப்பல் இல்லையா? இல்லை. குடியேற்ற நாடுகளை ஆண்டவர்களின் பெயரைக் குரூசர்களுக்கும் அவற்றினும் சிறியவற்றுக்கும்தான் வைத்தார்கள். நீண்ட தூரம் போய்த் தொலைவான துறைமுகங்களில் கொடி காட்டும் வேலை அவற்றுடையது. 1900இல் ஒரு கவசக் குரூசர், 1930இல் நீரில் இறங்கிய கனரகக் குரூசர், 1981 முதல் 2014 வரை பணியாற்றிய ஏவுகணைக் கப்பல் என்று துப்ளேக்ஸ் பெயரில் வந்தவை அந்த இனம். 1930இல் நீரில் இறங்கிய துப்ளேக்ஸும் அப்போதைய சுஃப்ரேனும் ஒரே வகைக் குரூசர்கள். துப்ளேக்ஸை 1942 நவம்பர் 27 அன்று தூலோனில், ஜெர்மானியர் கையில் சிக்காமலிருக்கப் பிரெஞ்சுக்காரர்களே மூழ்கடித்தார்கள். டன்கெர்க், ஸ்ட்ராஸ்பூர், புரோவான்ஸ் ஆகிய போர்க்கப்பல்களும் அன்றே அங்கேயே போயின. சுஃப்ரேன் அப்போது லொரேனோடு அலெக்சாந்திரியாவில் இருந்ததால் தப்பியது.